வேளாங்கண்ணிப் பாதையில் நாற்பத்தோரு பைப்பு

கீழ்வேளூரில் நாங்கள் தங்கியிருந்த மண்டபத்து வாட்ச்மேன், விடிந்ததும் மூன்று சிமென்ட் சாக்கை இழுத்துவந்து எங்கள் குழுத் தலைவர் முன்னால் வைத்தார். மூன்றிலும் காலி தண்ணீர் பாட்டில். "ஐயா, மாதா கோயிலுக்கு நடந்து போறீங்க, நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா இத யாரு அள்ளுறது?" என்றார். அறுபது பேர், ஒரே ராத்திரி. தலைவர் சாக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏம்பா, நீதான் செல்போன் கடை வெச்சிருக்கியே, இதுக்கெல்லாம் ஒரு ஆப்பு இல்லையா?"

ஆப்பு எனக்குத்தான் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குப் பக்கம். ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி வருஷா வருஷம் கிளம்புவோம். சாலியமங்கலம், அம்மாபேட்டை, கோவில்வெண்ணி, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. சுமார் 95 கிலோமீட்டர். ரயில் பாதையும் கிட்டத்தட்ட ரோட்டை ஒட்டியே வரும். முன்னால் மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டி, அதில் சீரியல் விளக்கும் மைக் செட்டும். அந்த வண்டியின் கரண்டு வேலை முழுக்க என் பொறுப்பு. ஜெபமாலை சொல்வது என் அத்தை. எனக்குப் பக்தி கொஞ்சம் குறைவுதான். ஆனால் வயரிங்கில் குறை வைத்ததில்லை.

தண்ணீர் பாக்கெட்டுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதற்கு முன்னால் நடந்தவர்களுக்குத் தெரியும், ரோட்டோரம் முழுக்கப் பாக்கெட் உறையாகக் கிடக்கும். இப்போது அது குறைந்துவிட்டது, அந்த இடத்தில் அரை லிட்டர் பாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டிலுக்குத் தடை இல்லையே. டெல்டாவில் ஆகஸ்டில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும், இரண்டு பக்கமும் குறுவை நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு போவோம். வாய்க்கால் தண்ணீரைக் குடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வழியில் எத்தனை ஊர், எத்தனை மேல்நிலைத் தொட்டி! பைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாட்டில் எதற்கு என்பதுதான் என் கணக்கு. அது எவ்வளவு அரைகுறைக் கணக்கு என்று பின்னால் சொல்கிறேன்.

வண்டியில் ஒரு சுற்று

அடுத்த வருஷம் ஜூலையில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை, டூவீலரில் போனேன். போனில் ஆர்கானிக் மேப்ஸ் போட்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் இடம் சேர்க்கக்கூடிய ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தின் தகவலை வைத்து ஓடுகிற செயலி. தமிழ்நாட்டு வரைபடத்தை ஒரு முறை இறக்கி வைத்துவிட்டால் அப்புறம் நெட் வேண்டாம். ஜிபிஎஸ்ஸுக்கும் நெட் வேண்டாம் என்பது கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. செயற்கைக்கோள் சொல்வதைப் போன் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். திரும்ப அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. ஃபிளைட் மோடில் போட்டாலும் இடம் காட்டும். ஒரே ஒரு விஷயம், புது இடத்தில் முதன்முதலாக இடம் பிடிக்கும்போது நெட் இருந்தால் சட்டென்று பிடித்துவிடும். இல்லாவிட்டால் சில நிமிஷம் வெட்டவெளியில் நிற்கணும்.

பைப்பைக் கண்டால் நிறுத்துவேன், அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பேன், பேர் எழுதுவேன். தெருக் குழாய், மினி பவர் பம்பு, அடி பைப்பு, சில ஊராட்சிகளில் காசு போட்டால் தண்ணீர் கொடுக்கிற ஆர்.ஓ. பிளான்ட், பெட்ரோல் பங்க், பள்ளிக்கூட வாசல். பேர் எழுதுவதிலும் ஒரு தொல்லை. போர்டில் கீழ்வேளூர், கண்டக்டர் வாயில் கீவளூர். நம் ஆட்கள் தேடினால் கீவளூர் என்றுதான் தேடுவார்கள். ஆகவே புள்ளிப் பேரில் இரண்டையும் எழுதினேன்.

பழைய நோட்டில் இருந்த சில இடங்களை வீட்டில் உட்கார்ந்து, புள்ளிகளைச் சேமித்து வைக்கிற கேஎம்எல் ஃபைலில் கையால் சேர்த்தேன். சேமித்துத் திறந்தால் நீடாமங்கலத்துப் பைப்பைக் காணோம். வரைபடத்தைச் சுருக்கிக்கொண்டே போகிறேன், இந்தியா தாண்டி, ஐரோப்பா தாண்டி, ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவின் ஓரத்தில் நிற்கிறது என் பைப்பு. காரணம் இதுதான்: நாம் வாயால் சொல்லும்போது அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பின்னால். கேஎம்எல் ஃபைலில் அது தலைகீழ், தீர்க்கரேகைதான் முதலில். நான் 10.77, 79.42 என்று அடித்தேன். அது 79.42 வடக்கு என்று எடுத்துக்கொண்டது. பனிக்கரடிக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த புண்ணியம் எனக்கு.

கையில் 300 ரூபாய்க்கு வாங்கிய டிடிஎஸ் பேனாவும் இருந்தது, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற கருவி. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2000 வரை. திருவாரூர் தாண்டிக் கடலை நோக்கிப் போகப் போக அடி பைப்புத் தண்ணீரில் எண் ஏறும், நாக்கே சொல்லிவிடும். குழாயில் வருகிற தண்ணீர் அப்படியில்லை. ஒன்று முக்கியம்: பேனா உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. 150 காட்டுகிற தண்ணீரிலும் வயிற்றுப்போக்கு வரலாம். இதைத் தெரியாமல் முதல் வருஷம் பேனாவை ஸ்டெதஸ்கோப் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். வெட்கம்தான். இப்போது குளோரின் மாத்திரையும் எடுத்துப் போகிறோம். வாசனை பிடிக்கவில்லை என்று பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், அது வேறு கதை.

ஆக மொத்தம் 41 புள்ளி. ஃபைலைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். எனக்கு நானே கைதட்டிக்கொண்ட ராத்திரி அது.

ராத்திரி பைப்பில் காற்று

நாங்கள் நடப்பது விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஒன்பது வரை, அப்புறம் சாயங்காலம் நாலரையிலிருந்து ராத்திரி பத்து வரை. வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு யார் நடப்பது?

அம்மாபேட்டை தாண்டி முதல் புள்ளி. விடியற்காலை நாலு மணி. பைப்பைத் திறந்தேன், புஸ் என்று காற்று வந்தது. அடுத்ததில் அதுவும் வரவில்லை. கோவில்வெண்ணியில், கரிகாலன் சண்டை போட்டு ஜெயித்த ஊரில், காலித் தூக்குவாளியும் கையுமாக அறுபது பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெரியம்மா, "தம்பி, மேப்புல தண்ணி இருக்குல்ல, அதையே குடிச்சிக்கிறோம்" என்றார்.

நான் போய்ப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஊராட்சிக் குழாயில் தண்ணீர் விடுகிற நேரம். டேங்க் ஆபரேட்டர் காலையில் வால்வைத் திறந்து கொஞ்ச நேரத்தில் மூடுவார், சில ஊரில் சாயங்காலமும் ஒரு தடவை. கிராமத்தில் பிறந்து வளர்ந்தவன் எனக்கு இது தெரியாததா? எங்கள் வீட்டிலேயே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் அம்மா பல் தேய்ப்பாள். வரைபடத்தில் புள்ளி வைக்கிற ஜோரில் மறந்துபோனேன். எங்கே என்று மட்டும் 41 தடவை எழுதினேன், எப்போது என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. அந்த வருஷமும் பாட்டில்தான். சாக்கை எண்ணவே இல்லை.

ரயில்வே ஸ்டேஷன் குழாய் மட்டும் எந்நேரமும் வருகிறதே என்று ஒருவர் சொன்னார். வரும்தான். ஆனால் பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், அறுபது பேருக்கு 600. அதற்குக் கேன் தண்ணீரே வாங்கிவிடலாம்.

நேரத்தையும் சேர்த்து

மறு வருஷம் அதே வழியில் மறுபடி போனேன், இந்த முறை போனை விட வாயை அதிகம் பயன்படுத்தினேன். ஒவ்வொரு ஊரிலும் டீக்கடையில் நின்று, "இங்க தண்ணி எத்தனை மணிக்கு விடுவாங்க, யாரு விடுவாங்க?" நிறம் மாற்றினேன். எந்நேரமும் வருவது பச்சை. நேரம் பார்த்து வருவது மஞ்சள், பேரிலேயே மணி. குளிக்க மட்டும் உகந்த படித்துறை நீலம், வெண்ணாற்றில் இரண்டு மூன்று நல்ல துறை உண்டு. 41இல் பச்சை என்று சொல்லத் தேறியது ஒன்பதே ஒன்பது.

மஞ்சளுக்கு வழி என்னவென்றால், தண்ணீர் விடுகிற நேரத்திலேயே யாராவது பிடித்து வைக்கணும். டீக்கடைக்காரர்கள், பைப்புக்கு எதிர்வீட்டுக்காரர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "முதல் நாள் ஒரு போன் போடுங்க, டிரம்முல பிடிச்சி மூடி வெச்சிடுறேன்" என்று பலர் சொன்னார்கள். யாரும் காசு கேட்கவில்லை. அவர்கள் நம்பரையும் ஃபைலில் புள்ளிக்குள்ளேயே எழுதிவைத்தேன். இது இன்னொரு முட்டாள்தனம். ஃபைலை யாரோ ஃபார்வர்டு செய்ய, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குழு, கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவை ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் எழுப்பி, தண்ணீர் எங்கே என்று கேட்டிருக்கிறது. அந்த அம்மா என்னைக் கேட்டது நியாயம்தான். நம்பரை எல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது அவை தலைவரின் டைரியில் மட்டும். பொதுக் குழாயை ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஏற்றியிருக்கிறேன், வீட்டு டிரம்மை ஏற்றவில்லை.

அடுத்த பிரச்சினை, இதை அறுபது பேருக்கும் சேர்ப்பது. குழுவில் பட்டன் போன் பாதி. டச் போன் வைத்திருப்பவர்களிலும் ஃபைலைத் தட்டினால் வேறு ஏதோ திறக்கிறது, "அண்ணே, என் போன்ல வரல" என்று ஒரே புகார்.

சரி, கியூஆர் கோடு அடித்து, லேமினேட் செய்து, தங்கும் இடங்களில் ஒட்டலாம் என்று நினைத்தேன். இணையதள முகவரியாக வைத்தால் நெட் வேண்டும். அதனால் கோடுக்குள்ளேயே வாசகத்தை வைத்தேன். ஸ்கேன் செய்தால் நேராக எழுத்து வரும்: "அடுத்த தண்ணீர்: கோவில்வெண்ணி பஸ் ஸ்டாப் பைப்பு. காலை 6-8 மட்டும்." இங்கே தமிழுக்கு ஒரு கூடுதல் செலவு இருக்கிறது. கோடுக்குள் போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'தண்ணீர்' நம் கண்ணுக்கு நாலு எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளியும் ஈகாரக் குறியும் தனித்தனி, ஆக 7 குறி, 21 பைட். இந்த ஒரு வரியே 167 பைட். கீறல் விழுந்தாலும் படிக்கிற மாதிரி, 30 சதவீதம்வரை அழிந்தாலும் மீட்கிற உச்ச அளவில் அடித்தால் 69க்கு 69 கட்டம் வருகிறது. குறைந்த அளவில் 49க்கு 49 போதும். கட்டம் சின்னதானால் விடியற்காலை டார்ச் வெளிச்சத்தில், லேமினேஷன் பளபளப்பில், போன் திணறும். எங்களுக்கு ஒத்துவந்தது குறைந்த அளவுதான், ஏ4 தாளில் பெரிதாக. கீறினால் வேறு ஒட்டிக்கொள்ளலாம்.

ஒத்துவந்தது என்று சொன்னது என் போனுக்கு. ஜனங்களுக்குக் கியூஆர் என்றால் பணம். பார்த்தவர்கள் எல்லாம் பணம் அனுப்புகிற செயலியைத் திறந்து காட்டினார்கள், அது செல்லாத கோடு என்றது. "காணிக்கை எவ்வளவு தம்பி?" என்று ஒரு தாத்தா கேட்டார். ஒரு கடைக்காரர், தன் கோடுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடா, இது ஏதோ மோசடி என்று கிழித்தே போட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அப்படி ஒட்டி ஏமாற்றுகிற காலம்தானே.

எஸ்எம்எஸ் கொஞ்சம் மேல். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிதான் இடம், இங்கிலீஷில் 160. மேலே சொன்ன வரி 65 குறி, ஒன்றில் அடங்கிவிட்டது. பட்டன் போனிலும் போகிறது, ஆனால் சிலவற்றில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது. தவிர, அறுபது வயதில் நடந்துகொண்டே யார் மெசேஜ் படிப்பார்கள்?

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் விடை கிடைத்தது. அந்தக் கேட்டைப் பற்றித் தெரியாதவர்கள் டெல்டாவில் இல்லை, மூடினால் மூடினதுதான். பஸ்ஸும் லாரியும் நாங்களுமாக நிற்கிறோம். அத்தை ஜெபமாலையின் ஒரு பத்து மணியை முடித்துவிட்டு, மைக்கைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்து, "அடுத்த தண்ணி எங்கடா?" என்றார். மைக் ஆனில் இருந்தது. அறுபது பேரும் திரும்பினார்கள். நான் போனைப் பார்த்துச் சொன்னேன், அத்தை அதை அப்படியே மைக்கில் சொன்னார். கேட் திறப்பதற்குள் விஷயம் முடிந்தது. அன்றிலிருந்து அதுதான் முறை. வரைபடம் என் ஒரு போனில், நான் அத்தையிடம், அத்தை மைக்கில். பத்துப் பத்து மணியாக ஐந்து தடவை சொல்லி ஜெபமாலை முடிகிற இடத்தில் அறிவிப்பு: இன்னும் எவ்வளவு தூரம், பச்சையா டிரம்மா, டம்ளரை எடுத்து வையுங்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரும் தூக்குவாளியும் இப்போது கட்டாயம்.

மைக் செட் ஊமையானது

முறை அமைந்த அன்று ராத்திரியே மைக் செட் படுத்துவிட்டது. திருவாரூருக்கு முன்னால், குளிக்கரை பக்கம். வண்டியில் இருப்பது 12 வோல்ட், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. அதில் கார் சார்ஜர் ஒன்றைப் போட்டு என் போனுக்குச் சார்ஜ் எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வயரைச் செருகிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் எட்டு போன்.

கணக்கு இதுதான். ஒரு போன் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர்-ஹவர், சுமார் 19 வாட்-ஹவர். சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தால் 24, 25. 12 வோல்ட் பக்கம் அது 2 ஆம்பியர்-ஹவர். எட்டு போனுக்கு 16. பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி! இதோடு ஆம்பிளிஃபயரும் சீரியல் விளக்கும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 10.9 வோல்ட்.

போன் சார்ஜ் ஆனபோதெல்லாம் ஸ்பீக்கரில் 'ஞொய்' என்று ஒரு சத்தமும் இருந்தது. மலிவு சார்ஜரின் ஸ்விட்சிங் இரைச்சல். ஆம்பிளிஃபயருக்கும் சார்ஜருக்கும் நெகட்டிவை ஒரே மெல்லிய வயரில் இழுத்திருந்தேன், அதனால் சார்ஜர் துள்ளுகிற துள்ளலெல்லாம் ஆம்பிளிஃபயருக்குள் வந்தது. ஊர் திரும்பிய பிறகு செய்தது: இரண்டுக்கும் தனித்தனி வயர், நேராகப் பேட்டரி முனையிலிருந்து. சார்ஜர் வயரில் பழைய மானிட்டர் கேபிளில் இருந்து கழற்றிய, இரைச்சலை அடக்குகிற ஃபெரைட் குமிழ், மூன்று சுற்று. 5 ஆம்பியர் ஃபியூஸ். 11.8 வோல்ட்டுக்கு இறங்கினால் சார்ஜர் பக்கத்தை மட்டும் துண்டித்துவிடுகிற ஒரு சின்ன மாட்யூல். சத்தம் முழுக்கப் போகவில்லை, ஆனால் அத்தை குரலுக்கு அடியில் அடங்கிவிட்டது.

இருபது வாட் சோலார் பேனலும் வாங்கி வண்டி மேல் கட்டினோம். நாங்கள் நடக்கிற நேரத்தில் வெயில் இல்லை, ஓய்வெடுக்கிற நேரத்தில் வண்டி மர நிழலில். மத்தியானம் பேனலை மட்டும் கழற்றி வெயிலில் வைத்து, அதற்கு ஒரு பையனைக் காவல் வைப்பது என்று ஏற்பாடு. பையன் தூங்கிவிடுவான். பேனலுக்குப் போட்ட காசில் இன்னொரு பேட்டரி வாங்கியிருக்கலாம்.

சாக்குக் கணக்கு

கடைசியாக நடந்தபோது கீழ்வேளூர் மண்டபத்தில் ஒரு சாக்கு, கொஞ்சம் கூட. சைபர் இல்லை. ஏன் இல்லை என்று கொட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் நாங்கள் வாங்கிய பாட்டில் அல்ல, வழியில் கொடுத்த பாட்டில். நேர்த்திக்கடனுக்காக ரோட்டோரம் பெட்டி பெட்டியாக வைத்துக்கொண்டு, கும்பிட்டுக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது, எனக்கும்தான் வரவில்லை. அவர்களில் மூன்று வீட்டாரிடம் தலைவர் பேசிப் பார்த்தார். இரண்டு வீட்டார் டிரம்முக்கு மாறச் சம்மதித்தார்கள். மூன்றாவது வீட்டுப் பெரியவர், "பாட்டில் தர்றேன்னுதான் மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன், டிரம்முன்னு வேண்டலியே" என்றார். இதற்கு என் போனில் ஒன்றும் இல்லை. காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அவரே ஒரு வழி சொன்னார். வண்டிக்குப் பின்னால் வலைப்பை ஒன்று கட்டியிருக்கிறோம், திரும்பும்போது பஸ்ஸில் அவர் வாசலில் இறக்கணும்.

ரோட்டை அகலப்படுத்துகிற வேலையில் அம்மாபேட்டைக்கு அந்தப்பக்கம் நாலைந்து பைப்பு இடம் மாறியிருப்பதாகக் கேள்வி. அதில் இரண்டு பச்சை. ஜூலை கடைசியில் வண்டியை எடுக்கணும், இந்த முறை ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாளில் விடியற்காலை நாலு மணிக்கு.